பதினெட்டு கிராம் பட்டு

அன்று மத்தியானம் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, அவருடைய கணக்கர் சபாபதி, மகளுக்குக் கூறைப்புடவை பார்க்க வந்திருந்த பெரணமல்லூர்க்காரர் ஒருவர், அப்புறம் நான். இல்லாதவர் என் நைனா. பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான்.

மேசைமேல் எலக்ட்ரானிக் தராசு. தராசின்மேல் அலுமினியத் தட்டு. தட்டில் நைனா நெய்த மாம்பழ மஞ்சள் புடவை. தராசின் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. சபாபதி தட்டின் எடையைக் காகிதத்தில் கழித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எழுநூத்தி ரெண்டு. காத்தால நீ போட்டப்போ இன்னா?"

"எழுநூத்தி இருவதுங்க."

"நான் போட்டா ரெண்டு, நீ போட்டா இருவது. டிப்ளமா படிச்ச கை பட்டா பட்டு வெயிட்டு ஏறுது, முதலாளி!"

பெரணமல்லூர்க்காரர் சிரித்துவிட்டார். அவருக்கு எங்கள் சண்டை தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே புடவை, அதே தட்டு, அதே தராசு. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே பதினெட்டு கிராம் எங்கே போகும்?

அந்தப் பதினெட்டு கிராமுக்காகத்தான் என் நைனா, நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்த மனுஷன், அந்த நேரத்தில் அரிசி மில் களத்தில் வெயிலில் நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

எடை கொடுத்து எடை வாங்குவது

ஆரணிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நெசவாளிக்கு முதலாளி பட்டை எடைபோட்டுக் கொடுப்பார். சரிகை தனி எடை. நெய்து முடித்த புடவையை எடைபோட்டு வாங்குவார். நடுவில் அறுந்தது, கழிந்தது என்று சேதாரத்துக்குக் கொஞ்சம் கழிவு உண்டு. அதற்குமேல் குறைந்தால் ஒரே அர்த்தம்தான். நூலை எடுத்து வெளியே விற்றுவிட்டான்.

எங்கள் ஊரில் ஒருவனைத் திருடன் என்று வாயால் சொல்லமாட்டார்கள். "அவனுக்கு எடை வராது" என்பார்கள். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் அவனுக்குப் பாவு, தறியில் நீளவாக்கில் பூட்டும் பட்டு இழை, கிடைக்காது. பாவு இல்லாத தறி வீட்டில் சும்மா நிற்கும், துணி காயப்போட உதவும்.

தொங்கு தராசு இருந்த காலத்திலும் சண்டை உண்டு. புடவை ஈரமாக இருக்கிறது என்பார்கள், காய்ந்துவிட்டது என்பார்கள். அந்தத் தகராறெல்லாம் ஒழியட்டும் என்றுதான், "எலக்ட்ரானிக் தராசு வாங்குங்க முதலாளி, ஒரு கிராம்கூட தப்பாது" என்று சொன்னேன்.

சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. என் பரீட்சைக் கட்டணத்தை ஒரு தரம் முதலாளி கட்டியிருக்கிறார். அந்த நன்றிக்கு நல்ல யோசனை சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தராசுக்கு வைத்த பொட்டு

தை மாதத்தில் தராசு வந்தது. கீழே எடை தாங்கும் பகுதி, அதிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள், அது போய்ச் சேரும் எண் காட்டும் பெட்டி. இறக்கி வைத்த கம்பெனிக்காரர் ஒரே ஒரு புத்தி சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் எடை போடுறதுக்கு முன்னாடி இந்த ஜீரோ பட்டனை அமுக்குங்க."

சபாபதிக்கு அது பிடிக்கவில்லை.

"நெனச்சப்பல்லாம் ஜீரோ ஆக்கினா கணக்கு இன்னாத்துக்கு ஆவும்?"

பழைய தராசுக்குக் காலையில் கற்பூரம் காட்டி, முள் நடுவில் நிற்கிறதா என்று ஒரே தரம் பார்ப்பார். இதற்கும் அதே முறைதான். கற்பூரம் ஏற்றி, ஒரு தரம் ஜீரோ. அதோடு சரி. யாரும் தொடக்கூடாது என்று பட்டன்மேல் காகிதம் ஒட்டி, அதன்மேல் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

இன்னொரு முறையும் உண்டு. கடையில் தராசு வெறுமையாக இருக்கக்கூடாது, வியாபாரம் படுத்துவிடும். ஆகவே காலையில் ஜீரோ ஆனதும் வைக்கும் அலுமினியத் தட்டு, கடை மூடும்வரை அதன்மேலேயே இருக்கும். எடை போடும்போது தட்டின் எடையைக் கையால் கழித்துக்கொள்வார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் சித்திரை வரைக்கும் எடை சரியாகவே வந்தது. சபாபதி முறையிலேயே வந்தது. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரைக்கு அப்புறம் குறைய ஆரம்பித்தது.

எல்லாருக்கும் குறைந்தது

ஒருவருக்குப் பத்து கிராம், ஒருவருக்குப் பதினைந்து. நைனாவுக்குப் பதினெட்டு. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குறைந்தால் தராசைச் சந்தேகப்படுவதா, ஆளைச் சந்தேகப்படுவதா?

சபாபதி ஆளைத்தான் சந்தேகப்பட்டார். "மூணு மாசம் மிஷினுக்குப் பயந்து ஒயுங்கா இருந்தானுங்க. ஏழுமல பையன் மிஷின் படிச்சவன். சூட்சுமத்த அப்பனுக்குச் சொல்லிட்டான், அப்பன் ஊருக்கே சொல்லிட்டான்."

மற்றவர்கள் கூலியில் பிடித்ததை ஒத்துக்கொண்டு ரேகை வைத்துவிட்டு அடுத்த பாவை வாங்கிப் போனார்கள். பிள்ளைகுட்டி இருக்கிறதே. நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

"புடிச்சிக்கோங்கன்னு ரேக வெச்சா, எடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அது முடியாதுங்க."

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவன் சும்மா இருப்பானா? நைனாவுக்குப் பாவு நிறுத்தினார். மஞ்சள் புடவையை விற்காமல் சீட்டு கட்டித் தனியாக வைத்தார்கள், சாட்சி மாதிரி.

ஐந்து வாரம். களத்தில் நெல் கிளறிக் கிளறி நைனாவின் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. ஒரு நாள் அம்மா துவைத்துப் போட்ட பழைய பட்டுத்துண்டை மடிக்கப் போனார். விரலில் நூல் மாட்டி இழுத்தது. மெதுவாக விரலை விடுவித்துக்கொண்டு, துண்டை அப்படியே கொடிமேல் போட்டுவிட்டு வெளியே போனார். தராசு வாங்கச் சொன்னவன் நான். திட்டியிருந்தால் தேவலை.

நானும் மெக்கானிக்கும் செய்த ஒரே தப்பு

மெட்ராஸிலிருந்து கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தோம். எடைக்கற்களை வைத்துப் பார்த்தார். ஒரு கிராம் பிசகவில்லை.

"தராசு நல்லாத்தான் இருக்கு சார். வேற எங்கயாவது பாருங்க," என்று சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க ஓடினார். 'வேற எங்கயாவது' என்றபோது சபாபதி பார்த்தது என்னை.

அவருடைய சோதனைப் பெட்டியின் ஒயரில், பிளக்குக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "ஃபெரைட். வேண்டாத சத்தம் ஒயர் வழியா உள்ள போகாம முழுங்கிடும்," என்றார். அதோடு மறந்துபோனேன்.

நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்ச் சோதித்தேன். மூன்று தடவையும் சரி. மூன்றாம் ஞாயிறு அந்த மஞ்சள் புடவையைக் காலையில் போட்டேன், எழுநூற்று இருபது. சாப்பாட்டுக்கு அப்புறம் சபாபதி போட்டார், எழுநூற்று இரண்டு.

இப்போது நினைத்தால் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பட்டு நூலை எடை போடும்போது காற்றாடியை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். தொங்கு தராசு காற்றில் ஆடும், நூல் பறக்கும். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குத் தராசு என்றாலே கை தானாக சுவிட்சுக்குப் போகும். எலக்ட்ரானிக் தராசுக்குக் காற்று ஒரு பொருட்டில்லை என்று படித்தவன் நான். அப்படியும் மூன்று ஞாயிறும் காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் சோதித்தேன். மெக்கானிக் வந்த அன்றும் சபாபதி முதல் வேலையாக நிறுத்தினார்.

ஆனால் நெய்த புடவை மடித்த கனம், எங்கே பறக்கும்? புடவை வாங்குவது மத்தியானம். முதலாளி சாப்பிட்டுவிட்டு மெத்தையில் சாய்ந்திருக்கும் நேரம். அப்போது காற்றாடியை நிறுத்த யாருக்குத் தைரியம்?

கொடுக்கும்போது நிறுத்தி, வாங்கும்போது ஓடவிட்டு. இது யார் கண்ணுக்கும் படவில்லை.

பெரணமல்லூர்க்காரருக்கு வேர்த்தது

மறுபடியும் அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தட்டில் புடவை. எழுநூற்று இரண்டு. சபாபதி பெட்டியைக் கேபிளோடு என் பக்கம் திருப்பி, "நல்லா பாத்துக்கோ," என்றார்.

பெரணமல்லூர்க்காரர் துண்டால் விசிறிக்கொண்டே, "உள்ள இன்னா இப்டி புழுங்குது. காத்தாடிய கொஞ்சம் ஜாஸ்தி வைங்க," என்றார்.

சபாபதி எழுந்து சுவரில் இருந்த குமிழைத் திருகினார். மூன்றிலிருந்து நாலு. நாலிலிருந்து அஞ்சு.

என் கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஏறின. யாரும் புடவையைத் தொடவில்லை. சபாபதி திரும்பி வருவதற்குள் பதினாறு கிராம் ஏறி நின்றது.

"அய்யா, மறுபடி மூணுல வைங்க."

"அவருக்கு வேர்க்குதுடா."

"ஒரே ஒரு தரம் வைங்க!"

வைத்தார். எண்கள் இறங்கின. எழுநூற்று இரண்டு. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். எழுநூற்று இருபது.

முதலாளி மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "இன்னாடா இது, பேய் கீது புடிச்சிருக்குதா?"

பேய் இல்லை. அந்தக் குமிழ்தான். அதை மாட்டியது யார்?

நான்தான் மாட்டினேன். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் நான் செய்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். சித்திரை வெயிலில், பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, முதலாளிக்கு நன்றியாக மாட்டிக் கொடுத்தது. வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம ஏழுமல பையன் செஞ்சது," என்று காட்டுவார்.

அது மின்சாரத்தை நொடிக்கு நூறு தரம் வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டும் ஒவ்வொரு தரமும் ஒரு சத்தம் கிளம்பும். காதுக்குக் கேட்காது, ரேடியோவில் கரகரவென்று கேட்கும். தராசுக் கேபிளில் வருவதோ மின்சாரத்தில் ஒரு துளி. அதன்மேல் இந்தக் கரகரப்பு ஏறி உட்கார்ந்தால் எண் பிசகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தரமும் ஜீரோ பட்டனை அமுக்கியிருந்தால் அந்தப் பிசகு கழிந்துபோயிருக்கும். அதன்மேல்தான் பொட்டு இருக்கிறதே!

அந்தச் சத்தத்தை அடக்க வரைபடத்திலேயே ஒரு கம்பிச்சுருள், காயில் என்பார்கள், போட்டிருந்தது. விலை மூன்று ரூபாய். காயில் இல்லாமலும் காற்றாடி ஓடியது. பரீட்சைக்கு வந்தவர் கேட்கவும் இல்லை. விட்டுவிட்டேன்.

"முதலாளி, தப்பு என்னுது," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சபாபதி குதித்தார்.

"நான் சொல்லல? அப்பன் இல்ல, புள்ள! புள்ளதான் கை வெச்சிகினு இருந்திருக்கான்!"

கழற்றாதே

ரெகுலேட்டரைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

"அத ஏன் கழட்ற? காத்து சுகமா கீது," என்றார் முதலாளி. "பழைய பெட்டிய எடைக்குப் போட்டாச்சு. நீ தராச சரி பண்ணு."

காயிலையாவது உள்ளே வைக்கிறேன் என்றேன். அந்தச் சின்னப் பெட்டியில் இடமில்லை. சரி, ஒவ்வொரு தரமும் ஜீரோ அமுக்குங்கள் என்றேன். சபாபதி பொட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். புடவைக்கும் காற்றாடியை நிறுத்துங்கள் என்றேன்.

"சாப்ட்டு ஒக்காந்தவன வேர்க்க விடுவியாடா?"

ஒரு மனுஷன் பெயர் போய், விரல் வெடித்து, களத்தில் நிற்கிறான். இவர்களுக்குக் காற்று முக்கியம், பொட்டு முக்கியம். இனி நான் கைவைக்க மிச்சம் இருந்தது அந்தக் கேபிள் ஒன்றுதான். அப்போதுதான் மெக்கானிக்கின் வளையம் ஞாபகத்துக்கு வந்தது.

பஜாரில் டிவி ரிப்பேர் கடை பாஷா பாயிடம் ஓடினேன். ஃபெரைட் வளையம் வேண்டும் என்றேன்.

"வளையத்துக்கு மெட்ராஸ் போவணும் தம்பி. ஆனா கேபிள் தலையில அம்மாம் பெரிய பிளக்கு கீதே, வளையத்துல எப்டி நொழைப்ப?"

அதை நான் யோசிக்கவே இல்லை. டிப்ளமா!

பாய் மூலையில் கிடந்த செத்துப்போன டிவி ஒன்றைப் புரட்டினார். படக்குழாயின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு சாமான் இருக்கும், யோக் என்பார்கள். கம்பியை உரித்தால் உள்ளே கறுப்பாக ஃபெரைட். அதுவும் இரண்டு பாதியாக. பிளக்கைக் கழற்றாமல் கேபிளைச் சுற்றி மூடிவிடலாம்.

"ஜல்தி எடுத்துகினு போ. அஞ்சு ரூபா. சரியா வரலன்னா திருப்பிக் குடு, நான் பேஜார் பண்ணமாட்டேன்."

முதலில் கேபிளின் நடுவில் மாட்டினேன். குறைவு பதினெட்டிலிருந்து ஒன்பதாக ஆனது. பெட்டிக்குள் கேபிள் நுழையும் பிளக்கை ஒட்டி வைத்தேன். ஐந்து. கேபிளை அதற்குள்ளேயே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மூடினேன். காற்றாடியை ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்தேன். எழுநூற்று இருபது. ஒரு தரம் பத்தொன்பது, உடனே இருபது.

இரண்டு பாதியும் பிரியாமல் கட்ட வேண்டுமே. கடையில் கயிறா கிடைக்கும்? கழிவுப் பட்டில் ஒரு முழம் எடுத்து இறுக்கிக் கட்டினேன்.

"எத்தினி கிராம் எடுத்த?" என்றார் சபாபதி. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நைனா வந்தார்

மறுநாள் மத்தியானம் நைனாவைக் கூட்டிவந்தேன். களத்திலிருந்து நேராக, தலையில் உமித்தூசியோடு. காற்றாடி மூன்றில் ஓட, சபாபதி புடவையை வைத்தார். எழுநூற்று இருபது.

"சரி ஏழுமல, பாவு எடுத்துகினு போ," என்றார் முதலாளி.

நைனா நகரவில்லை.

"மத்தவங்க ரேக வெச்சாங்களேங்க. அவங்க எடையும் இந்தக் காத்தாடிக்குக் கீயதான போட்டீங்க? அதையும் அடிச்சிடுங்க. அப்புறம் எடுத்துகினு போறேன்."

முதலாளி சபாபதியைப் பார்த்தார். சபாபதி நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராக, பல் பிடுங்குகிற மாதிரி கோடு போட்டார். கோடு விழுந்ததை நைனா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோடு தெரியும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, காயில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை.

கிளாஸைக் கீழே வைத்தார். "எம்மாம் வெல?"

"மூணு ரூபா, நைனா."

"மூணு ரூபாய்க்கா? என்னக் கேட்டிருந்தா குடுத்திருப்பனேடா!"

ஐந்து வாரத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தரம்தான்.

பாவை வீட்டில் வைத்துவிட்டு நூலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மாட்டியது. கையை இழுத்துக்கொண்டார். நான் கடைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தேன். எட்டு நாள் காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்து, ஒன்பதாம் நாள்தான் தறியில் உட்கார்ந்தார்.

யோக் ஐந்து ரூபாய். இரண்டு டீ ஒரு ரூபாய். தேங்காய் எண்ணெய் மூன்றரை. ஆக மொத்தம் ஒன்பதரை ரூபாய்.